ஃபேன்டஸி நாவல் எழுதும் அப்பாக்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சின்னக் குழந்தை, மேசையில் பாதியில் நிற்கும் மிகுபுனைவு நாவல். இரண்டையும் கையில் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். குழந்தை பிறந்த நாள் முதல் சுமார் பத்து வயது வரைக்கும் இது பொருந்தும். நேரத்தை எங்கிருந்து பிடுங்குவது என்பதைவிட, விட்ட இடத்துக்கு எப்படிச் சீக்கிரம் திரும்புவது என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

வேலை, வீடு, குழந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எழுதுகிறவர்கள் எவ்வளவோ பேர். ஃபேன்டஸிக்கு மட்டும் என்ன தனிச் சிக்கல்?

எதார்த்த நாவலில் ஒரு பேருந்து நிறுத்தம் வந்தால் அது எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஃபேன்டஸியில் அந்த உலகத்துக்கு எத்தனை நிலா, மந்திரம் போட்டால் உடம்பில் எது குறையும், கோட்டையிலிருந்து துறைமுகம் எத்தனை நாள் நடை, யாருக்கு எந்த ரகசியம் தெரியும் என்று அத்தனையும் எழுதுகிறவர் தலையில் நின்றாக வேண்டும். நான்கு நாள் இடைவெளி விட்டால் அதில் பாதி கலைந்துவிடும். உட்கார்ந்த முதல் இருபது, முப்பது நிமிடம் பழைய பக்கங்களைப் புரட்டுவதிலேயே போகும். கிடைத்ததே நாற்பது நிமிடம் என்றால் மிஞ்சுவது பத்து. அந்தப் பத்தாவது நிமிடத்தில் குழந்தை எழுந்துகொள்ளும்.

"எனக்கு நேரமே இல்லை" என்று வருபவர்களில் பலருக்கு நேரம் இருக்கிறது, அது திரும்பி நுழைவதிலேயே செலவாகிறது. அந்தச் செலவைக் குறைப்பதுதான் முதல் வேலை. குழந்தையோடு இருக்கும் நேரத்திலிருந்து எதையும் வெட்டாமலே எழுத்து நேரம் இரட்டிப்பாக வாய்ப்பு இருப்பது இங்கேதான்.

குழந்தை பிறந்த முதல் மூன்று மாதம் எழுத முடியுமா?

முதல் வரைவு எழுதத் திட்டம் போடாதீர்கள். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று கேட்டதும் நிறைய அப்பாக்கள் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தூக்கம் துண்டு துண்டாக வரும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால், நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை. குழந்தைக்கு இரவு, பகல் வித்தியாசம் இன்னும் தெரியாது. இரண்டு பாலுக்கு நடுவில் ஏப்பம், டயப்பர், துணி, பாத்திரம் எல்லாம் போக மிஞ்சும் நேரம் நீங்களும் உங்கள் மனைவியும் தூங்க வேண்டிய நேரம்.

இந்த மூன்று மாதத்துக்குச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு குறிப்பேடு போதும். வரும் வாக்கியத்தை, வரும் காட்சியைத் தேதியோடு எழுதி வையுங்கள். எண்ணிக்கை இலக்கு வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இரவுப் பாலுக்குப் பிறகு குழந்தையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, ஒரு கையால் போனில் எழுதும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. நீங்கள் அசந்து தூங்கிவிட்டால் குழந்தை நெஞ்சுக்கும் மெத்தை இடுக்குக்கும் நடுவில் சிக்கி மூச்சு அடைபடலாம். கைக்குழந்தையோடு சோபாவில் தூங்கிப்போவது மிகவும் ஆபத்தானது. கண் சொக்கினால் போனை வைத்துவிட்டு, குழந்தையைச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள். வாக்கியம் போனால் போகட்டும்.

இன்னொன்று. குழந்தை பிறந்த முதல் ஆண்டில் மன அழுத்தம் அம்மாவுக்கு மட்டும் வருவதில்லை. அப்பாக்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருகிறது. எழுதப் பிடிக்காமல் போவது வெறும் களைப்பாக இருக்கலாம். எழுத்தோடு சேர்த்து எதிலுமே பிடிப்பில்லை, எரிச்சல் அடங்கவில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் பேசுங்கள். அதை எழுத்துத் தடை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அதிகாலை நல்லதா, இரவு நல்லதா?

அதிகாலை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் தபால் துறை வேலையில் இருந்துகொண்டே காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதியதைத் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு அலாரம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. விடியலை நெருங்கும்போது குழந்தையின் தூக்கம் மிக லேசாகிவிடும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தை உள்ள வீட்டில் நீங்கள் நாலரைக்கு விளக்குப் போட்டால் ஐந்துக்கு அதுவும் எழுந்து வரும் வாய்ப்பு அதிகம். எழுத்தும் போய், குழந்தையின் தூக்கமும் போய், அன்றைய நாளே கெடும்.

முடிவெடுக்கும் முன் பத்து நாள் மூன்றே விஷயங்களைக் குறித்து வையுங்கள்: இரவில் எப்போது தூங்கியது, காலையில் எப்போது எழுந்தது, பகல் தூக்கம் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். பத்து நாளில் எந்த ஒரு மணி நேரம் குறைந்தது ஏழு நாளாவது கலையாமல் இருந்ததோ அதுதான் உங்கள் நேரம். அது பகல் இரண்டு மணியாக இருந்தாலும் சரி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் புதுப்பியுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பகலில் இரண்டு தூக்கம் என்று ஒழுங்காகும். ஒன்றேகால், ஒன்றரை வயதுவாக்கில் அது ஒன்றாகும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் அதுவும் நின்றுபோகும். ஒவ்வொரு மாற்றத்திலும் உங்கள் எழுத்து நேரம் இடம் மாறும். மாறியது தெரியாமல் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள்தான் குழந்தை மீது எரிந்து விழுகிறார்கள்.

விட்ட இடத்துக்குச் சீக்கிரம் திரும்புவது எப்படி?

எழுதி முடிக்கும்போது கடைசி நான்கு நிமிடத்தைக் கைமாற்றுக் குறிப்புக்கு ஒதுக்குங்கள். அடுத்த முறை உட்காரப்போகும் தூக்கக் கலக்கத்து மனிதருக்கு நீங்கள் எழுதி வைக்கும் சீட்டு அது. அத்தியாயக் கோப்பின் கடைசியில், எழுதிய பத்திக்கு நேர்கீழே இருக்க வேண்டும். வேறு கோப்பில் வைத்தால் திறக்கவே மாட்டீர்கள். மாதிரி ஒன்று:

*இடம்: பாலத்தின் நடுவில். நேரம்: இரண்டாம் நிலா இன்னும் எழவில்லை.*
*ஆதன்: வலது கை முறிந்திருக்கிறது (அத்தியாயம் 9). வாள் இடது கையில்.*
*செங்கோடி: அவன் உண்மைப் பெயர் அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.*
*காட்சி எதற்கு: அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.*
*அடுத்த வரி: "கையை இறக்கு" என்றாள். பெயர் சொல்லவில்லை, இன்னும்.*

ஐந்து வரி. இதில் விலை மதிப்பு மிக்கது ஐந்தாவது. அடுத்த வாக்கியம் தெரிந்திருக்கும்போதே நிறுத்த வேண்டும். அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்திருப்பது திருப்தியாகத்தான் இருக்கும், ஆனால் மறுமுறை வெள்ளைப் பக்கத்தின் முன்னால் உட்கார வேண்டிவரும். மூன்றாவது வரியையும் விட்டுவிடாதீர்கள். யாருக்கு என்ன தெரியும் என்பதுதான் இடைவெளியில் முதலில் மறந்துபோவது. கையில் காயம் பட்டதை நீங்கள் மறந்தால் வாசகர் மன்னித்தாலும் மன்னிப்பார், தெரியக்கூடாத ரகசியம் பாத்திரத்துக்குத் தெரிந்துவிட்டால் கதையே சாய்ந்துவிடும்.

பாதியில் அழுகைச் சத்தம் கேட்டு எழுந்து ஓட வேண்டியிருந்தால் நான்கு நிமிடம் கிடைக்காது. அப்போது அடுத்த வரியின் முதல் மூன்று வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுப் போங்கள்.

இருபது நிமிடத் துண்டில் உருப்படியாக என்ன செய்யலாம்?

நாவல் வேலையை அது கேட்கும் கவனத்தின் அளவைப் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும்.

முழுக் கவனம் வேண்டியது: புதுக் காட்சி எழுதுவது, கதைத் திருப்பத்தை முடிவு செய்வது. குறைந்தது நாற்பது நிமிடம், கதவு சாத்தியிருக்க வேண்டும்.

அரைக் கவனம் போதுமானது: ஏற்கெனவே எழுதிய காட்சியில் உரையாடலை இறுக்குவது, ஒரு பாத்திரத்தின் பேச்சு வழக்கு கடைசிவரை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது, ஊர்ப் பெயர்ப் பட்டியல், வரைபடத் தூரங்கள். பதினைந்து, இருபது நிமிடத் துண்டு இதற்குச் சரி.

கை மட்டும் வேலை செய்தால் போதும் என்பவை: கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, காப்புப் பிரதி எடுப்பது, எழுத்துப் பிழை திருத்துவது.

அதிகம் நடக்கும் தவறு, கிடைத்த ஒரே ஒரு முழு மணி நேரத்தில் மூன்றாம் வகை வேலையைச் செய்துவிடுவது. களைத்த மனம் சுலபமானதைத்தான் தேடும். உட்காரும் முன்பே "இன்று இது முதல் வகை நேரம்" என்று முடிவு செய்துவிட்டு உட்காருங்கள்.

குழந்தை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் வகையைக்கூடச் செய்யாமல் இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. பாதிக் கவனத்தைக் குழந்தை உடனே கண்டுபிடித்துவிடும், சட்டையைப் பிடித்து இழுக்கும். அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து முழுதாக விளையாடிவிட்டால் அதன் பிறகு அது தனியாக விளையாடும் நேரம் நீளும். குழந்தையைப் பேசாமல் வைத்திருக்கக் கையில் திரையைக் கொடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன வழிகாட்டுதல். தினசரி எழுத்து நேரத்தை அதை நம்பி அமைக்காதீர்கள்.

உலக உருவாக்கக் குறிப்புகள் எத்தனை பக்கம் இருக்கலாம்?

இந்த வகை எழுத்தாளர்களுக்குக் காத்திருக்கும் பெரிய பள்ளம் இதுதான். வரைபடம் வரைவது, அரச வம்சாவளி போடுவது, மொழி உருவாக்குவது எல்லாம் துண்டு நேரத்தில் அழகாகச் செய்ய முடியும், செய்தால் எழுதிய திருப்தியும் வரும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் 300 பக்கம் குறிப்பு, நான்கு அத்தியாயம் கதை.

நாங்கள் சொல்லும் அளவு இது. ஒரு பக்கம் மந்திர விதி: என்ன செய்யும், என்ன செய்யாது, செய்தால் என்ன விலை. ஒரு பக்கம் நாள்காட்டி: மாதங்கள், நிலாக்கள், பருவம். ஒரு வரைபடம், அதில் தூரங்கள் கிலோமீட்டரில் இல்லாமல் நாள் கணக்கில். மூட்டையோடு நடப்பவர் நல்ல பாதையில் ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர் போவார், மலையில் அதில் பாதி. இதை ஒருமுறை கணக்கிட்டு வரைபடத்திலேயே "மூன்று நாள்", "ஐந்து நாள்" என்று எழுதிவிட்டால் பிறகு யோசிக்க வேண்டாம். நான்காவதாகத் தொடர்ச்சிப் பதிவேடு. இது நாவலோடு சேர்ந்து வளரும். அத்தியாய எண், யார் எங்கே, காயம், கையில் உள்ள பொருள், யாருக்கு என்ன தெரியும் என்று ஐந்து கட்டம், அத்தியாயத்துக்கு ஒரு வரிசை. எக்செல் தாள் போதும்.

இதற்கு மேல் வேண்டியதைக் கதை கேட்கும்போது உருவாக்கிக்கொள்ளலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆற்றுக்குப் பெயர் இல்லையென்றால் "ஆறு×" என்று போட்டுவிட்டு மேலே போங்கள். பெருக்கல் குறி வேறெங்கும் வராது என்பதால் பின்னால் தேடி எடுப்பது சுலபம்.

தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நடக்கும்போது போனில் சொல்லிச் சொல்லி எழுதலாமா?

எழுதலாம். உரையாடலுக்கு இது நன்றாக வரும், வர்ணனைக்கு அவ்வளவாக வராது. போக்குவரத்து இல்லாத பாதையாக இருக்க வேண்டும், காதுக்கருவி ஒரு காதில் மட்டும்.

சிக்கல் பெயர்களில் வரும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் உங்கள் கற்பனைப் பெயர்களை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சாதாரணச் சொல்லாக மாற்றிவிடும். பிறகு எது யார் என்று தேடுவதற்கே ஒரு மாலை போகும். சொல்லும்போது பாத்திரங்களுக்கு "சிவப்பு", "தச்சர்", "பாட்டி" என்று எளிய சொற்களை வைத்துக்கொண்டு, தட்டச்சுப் பிரதியில் சேர்க்கும்போது உண்மைப் பெயரைப் போடுங்கள்.

பெயர் என்றதும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "பிறகு மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம்" என்று தற்காலிகப் பெயரோடு 200 பக்கம் எழுதாதீர்கள். "நீலம்பம்" என்ற நகரத்தை "அருவூர்" என்று மாற்ற நினைத்தால், "நீலம்பம்" என்று தேடும்போது "நீலம்பத்தில்", "நீலம்பத்துக்கு" எதுவும் அகப்படாது. "நீலம்ப" என்று சுருக்கித் தேடி மாற்றினால் "அருவூர்த்தில்" என்று வந்து நிற்கும். "ஆதன்" என்பதை மாற்றினால் "ஆதனை", "ஆதனோடு" எல்லாம் அப்படியே கிடக்கும். தற்காலிகப் பெயர் வைக்கத்தான் வேண்டும் என்றால், பின்னால் வரப்போகும் பெயரும் அதே எழுத்தில் முடியும்படி வையுங்கள்: ம்-இல் முடிவதற்கு ம், ர்-இல் முடிவதற்கு ர்.

ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை? எப்போது முடியும்?

வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 350 வார்த்தை என்று வைத்துக்கொள்வோம். வாரம் 1,400. 80,000 வார்த்தை நாவலின் முதல் வரைவுக்கு 57 வாரம். காய்ச்சல், பயணம், பள்ளி விடுமுறை என்று வருடத்தில் ஆறு வாரமாவது கழியும், ஆகவே பதினைந்து மாதம். திருத்தத்துக்கு இன்னும் ஆறேழு மாதம். இரண்டு வருடத்துக்குள் ஒரு நாவல்.

இந்தக் கணக்கு சிலருக்குச் சோர்வைத் தரும். ஜே. ஆர். ஆர். டோல்கீன் நான்கு பிள்ளைகளுக்கு அப்பா, பல்கலைக்கழகப் பேராசிரியர். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன் பெருநாவலை 1937 டிசம்பரில் தொடங்கி 1949இல்தான் முடித்தார், அச்சில் வந்தது 1954–55இல். நடுவில் நீண்ட காலம் தொடாமலே கிடந்ததும் உண்டு.

வாரத்துக்கு ஏழு நாள் என்று இலக்கு வைக்காதீர்கள். நான்கு என்று வைத்தால் தவறவிட மூன்று நாள் கையிருப்பு இருக்கும். ஏழு என்று வைத்தால் முதல் புதன்கிழமையே கடன் ஏறத் தொடங்கும்.

மனைவியிடம் இதை எப்படிப் பேசுவது?

"கொஞ்சம் எழுதிட்டு வந்துடறேன்" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று கேட்கிறவருக்குத் தெரியாது, அதனால் அவரால் தன் வேலை எதையும் திட்டமிட முடியாது. கிழமை, தொடங்கும் மணி, முடியும் மணி மூன்றையும் சொல்லுங்கள். "செவ்வாய், வியாழன், இரவு எட்டேமுக்கால் முதல் பத்து வரை." பத்து என்றால் பத்து. பாலத்தில் வாள் சண்டை பாதியில் நின்றாலும் எழுந்து வந்துவிட வேண்டும். நம்பிக்கை அதில்தான் உருவாகிறது.

நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஈடாக ஒரு மணி அவருக்குத் தனியாகக் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை முழுக்க உங்கள் பொறுப்பு: எங்கே இருக்கிறது டயப்பர், எப்போது கொடுத்தது மருந்து என்று போன் செய்து கேட்காத அளவுக்கு. குழந்தையின் தடுப்பூசி தேதி, சட்டை அளவு, பள்ளி அறிவிப்பு ஆகியவற்றை நினைவில் வைத்திருப்பதும் வேலைதான். அதில் பாதியை எடுத்துக்கொள்ளாமல் எழுத்து நேரம் மட்டும் கேட்பது நியாயம் இல்லை. நாங்கள் பார்த்தவரை நாவல் நின்றுபோகும் வீடுகளில் பெரும்பாலும் நின்றுபோனது இந்தப் பேச்சுதான்.

கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால்?

மூன்று வயதுக்குக் கீழே கதவு விதி எதுவும் பலிக்காது. யாராவது உடன் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது எழுத்து நேரம் இல்லை. மூன்று, மூன்றரைக்கு மேல் கண்ணில் தெரியும் கடிகாரம் உதவும். மணல் கடிகாரம் அல்லது சிவப்புப் பட்டை குறைந்துகொண்டே வரும் டைமர். "அரை மணி" என்பது அந்த வயதில் அர்த்தமில்லாத சொல், "சிவப்பு தீர்ந்ததும் அப்பா வருவேன்" என்பது புரியும். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். சிவப்பு தீர்ந்த கணமே வெளியே வாருங்கள். இரண்டு தடவை தவறினால் அந்தக் கருவிக்கு மதிப்புப் போய்விடும். ரத்தம், நெருப்பு, கழிப்பறை மூன்றுக்கும் எப்போது வேண்டுமானாலும் தட்டலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

திருத்தத்தையும் துண்டு நேரத்திலேயே செய்துவிடலாமா?

வாக்கியத் திருத்தம் முடியும். கட்டமைப்புத் திருத்தம் முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் வைத்த சபதம் இருபத்தெட்டில் நிறைவேறுகிறதா என்று பார்க்க முழு நாவலும் ஒரே நேரத்தில் தலையில் இருக்க வேண்டும். அதை இருபது நிமிடத் துண்டுகளில் செய்தவர்கள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியாக அழகாக்கிவிட்டு, மொத்தம் ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

முதல் வரைவு முடிந்ததும் இரண்டு முழு நாள் கேட்டு வாங்குங்கள். பதினைந்து மாதத்தில் இரண்டே நாள். முன்கூட்டியே சொன்னால் கிடைக்கும். அந்த இரண்டு நாளும் ஒரு வரி திருத்தாமல் அச்செடுத்த பிரதியை முழுதாகப் படித்து, ஓரத்தில் குறி மட்டும் போட்டு, கடைசியில் காட்சி வாரியாக ஒரு வேலைப் பட்டியல் தயாரியுங்கள். பட்டியலில் ஒவ்வொரு வேலையும் ஒரு மணிக்குள் முடிகிற அளவுக்கு உடைந்திருக்க வேண்டும். அதன் பிறகு துண்டு நேரம் போதும்.

தொடராக வெளியிடலாமா?

வாரத் தொடர் என்றால் வெளியிடும் முன் எட்டு அத்தியாயம் கையிருப்பு வேண்டும். மழலைப் பள்ளியில் சேரும் முதல் வருடம் குழந்தைக்கு மாதத்துக்கு ஒரு சளிக்காய்ச்சல் வருவது சாதாரணம், அது உங்களுக்கும் தொற்றும். கையிருப்பு மூன்றுக்குக் கீழே போனால் வாசகரிடம் சொல்லிவிட்டு இடைவெளி எடுங்கள். பதிப்பாளரிடம் கெடு பேசும்போது உங்கள் கணக்கோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிச் சொல்லுங்கள்.

குழந்தைக்குச் சொல்லும் கதையை நாவலாக்கலாமா?

ஆக்கலாம், ஆனால் தூங்க வைக்கும் நேரத்தை ஆய்வுக்கூடம் ஆக்கிவிடாதீர்கள். வாய்வழிக் கதை கேட்கிறவரின் முகத்தைப் பார்த்து வளைந்துபோகும். அதை அப்படியே எழுதினால் சம்பவம் சம்பவமாக நீளுமே தவிர மையம் இருக்காது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. குழந்தை எந்த இடத்தில் "அப்புறம்?" என்று கேட்டது, எந்த இடத்தில் போர்வையை நோண்டத் தொடங்கியது என்று மறுநாள் குறித்து வையுங்கள். வேகம் எங்கே தளர்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

தொடர்ச்சிப் பிழையையும் அவர்கள்தான் பிடிப்பார்கள். டோல்கீன் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது சின்னப் பையனாக இருந்த கிறிஸ்டோபர், போன தடவை நீல நிறமாக இருந்த கதவு இந்தத் தடவை பச்சையாகிவிட்டதே என்று குறுக்கிட்டதாக ஒரு குறிப்பு உண்டு. அந்தப் பையன்தான் வளர்ந்து அப்பாவின் நாவலுக்கு வரைபடங்கள் வரைந்துகொடுத்தார். அப்பா இறந்த பிறகு கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்திப் பதிப்பித்தவரும் அவரே.

போர், சாவு, கொடூரம் எழுதிவிட்டு நேரே குழந்தையிடம் போனால் மனம் ஒட்டவில்லை. என்ன செய்வது?

முகம் இன்னும் அந்தக் காட்சியிலேயே இருக்கும், குழந்தை அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் பத்து நிமிடம் உடம்பால் செய்யும் ஒரு வேலையை வையுங்கள்: பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, முகம் கழுவிவிட்டு ஒரு சுற்று நடப்பது. அப்படிப்பட்ட காட்சிகளைக் குழந்தையைத் தூங்க வைத்த பிறகு வரும் நேரத்துக்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது. படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த அச்சுப் பிரதியை மேசையில் விட்டுவிட்டு எழாதீர்கள்.

என் குழந்தையை நாவலில் வைக்கலாமா?

பெயர், முகம், குடும்பத்துக்குள் நடந்த அவமானகரமான சம்பவம் மூன்றையும் வைக்காதீர்கள். பதினைந்து வயதில் அதை அவர்கள் படிப்பார்கள், அவர்கள் நண்பர்களும் படிப்பார்கள்.

நீங்கள் கற்றுக்கொண்டதை வையுங்கள். ஃபேன்டஸி நாவல்களில் கைக்குழந்தைகள் மரப்பாச்சி போல வருகிறார்கள். எரியும் ஊரிலிருந்து குழந்தையை அணைத்துக்கொண்டு மூன்று நாள் நடப்பார்கள், அது ஒருமுறைகூட அழாது. ஓர் அப்பாவுக்குத் தெரியும்: இரண்டு மாதக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது, தாங்கிய கையை எடுக்க முடியாது. அந்தக் கையால் வாள் பிடிக்க முடியாது. பிறக்கும்போது மூன்று கிலோ என்றால் ஐந்தாறு மாதத்தில் ஆறு, ஒரு வயதில் ஒன்பது. முதல் மணி நேரத்தில் எடையே தெரியாது, நான்காவது மணி நேரத்தில் தோள்பட்டை விட்டுப்போகும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நின்றாக வேண்டும், பால் கொடுக்க யாராவது வேண்டும். ஈரத் துணி மாற்றாவிட்டால் அடுத்த நாளே தோல் சிவந்து புண்ணாகும். அப்படியானால் 25 கிலோமீட்டர் என்ற அந்த ஒரு நாள் தூரம் பதினைந்தாகச் சுருங்கும். ஒளிந்திருக்கும் இடத்தில் எதிரியின் காலடி கேட்கும்போது பசி வரும். இதை எழுதினால் துரத்தல் காட்சிக்குத் தனியாகப் பதற்றம் சேர்க்க வேண்டியதே இல்லை.

இன்னொன்றும் மாறும். நாயகன் கிளம்ப வேண்டுமே என்பதற்காக முதல் அத்தியாயத்திலேயே பெற்றோரைக் கொன்றுவிடுவது இந்த வகையின் பழைய வழக்கம். அப்பாவான பிறகு அந்தக் கொலை அவ்வளவு சுலபமாகக் கை வராது. வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். பெற்றோர் உயிரோடு இருந்து, மகள் கிளம்புவதை விரும்பாமல், வாசலில் நிற்கும் நாவல் இன்னும் கடினமானது, எழுதிப் பார்க்கத் தகுந்தது.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அத்தியாயமோ கொதிநிலையில் இருக்கிறது.

அடுத்த மூன்று வரியைக் குறித்து வைத்துவிட்டு மூடிவிடுங்கள்.

மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை. எப்படி மறுபடி தொடங்குவது?

முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வராதீர்கள். படிக்கப் படிக்கத் திருத்தத் தோன்றும், ஐந்தாம் அத்தியாயத்தைத் தாண்ட மாட்டீர்கள்.

முதல் நாள், தொடர்ச்சிப் பதிவேட்டை மட்டும் படியுங்கள், இருபது நிமிடம். இரண்டாம் நாள், கடைசி இரண்டு அத்தியாயத்தைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். மூன்றாம் நாள், கைமாற்றுக் குறிப்பைப் புதிதாக எழுதுங்கள். பழையது இருந்தாலும் புதிதாக எழுதுங்கள், மூன்று மாதத்தில் நீங்கள் மாறியிருப்பீர்கள், காட்சி எதற்கு என்பதற்கு வேறு பதில் கிடைக்கலாம். நான்காம் நாள் நூறு வார்த்தை. நூறை எட்டியதும் எழுந்துவிடுங்கள், இன்னும் வருகிறது என்றாலும். அடுத்த வாரம் 200, அதற்கடுத்த வாரம் பழைய 350.

பதிவேடே இல்லாமல் எழுதியவர்கள் முதல் இரண்டு நாளை அதை உருவாக்கச் செலவிடுங்கள். அத்தியாயத்துக்கு ஐந்து நிமிடம், வேகமாகப் புரட்டி, ஐந்து கட்டத்தையும் நிரப்பிக்கொண்டே போங்கள். இருபது அத்தியாயத்துக்கு நூறு நிமிடம் ஆகும், இரண்டு பகல் தூக்கத்தில் முடிந்துவிடும்.